பதிவில் ஏறாத மனு

ஸ்டெல்லா பொய் சொல்லவில்லை. அந்த மனுவை அவள் என் கையில்தான் கொடுத்தாள். நான் வாங்கினேன். பதிவு செய்யவில்லை.

இந்த நான்கு வாக்கியங்களை விசாரணை அறையில் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றரை வருடம் கழித்து உங்களிடம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ...

மழைநீர் வடிகால் திட்டம் ஒன்றில் சமூக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்றின் கடனில், அம்பத்தூரைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் வேலை. கடனோடு நிபந்தனைகளும் வரும். மக்களின் குறைகளைக் கேட்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நல்ல நிபந்தனைதான். அதற்காகவே என்னை நியமித்து, கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். புகாரை அதில் ஏற்றினால், கொடுத்தவருடைய செல்போனுக்கு எண்ணோடு ஒரு குறுஞ்செய்தி போகும். ஏழு நாளில் தீராவிட்டால் அந்த வரி சிவப்பாகும். வேறொரு நாட்டில் இருக்கும் வங்கி அதிகாரியின் திரையிலும் அந்தச் சிவப்பு தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் சிவப்பு வந்ததே இல்லை. எப்படி என்று கேட்பீர்கள். புகாரை முதலில் தாளில் வாங்குவோம். குறை தீர்ந்த அன்றுதான் டேப்லெட்டில் ஏற்றுவோம். அன்றே தீர்ந்ததாக மூடிவிடுவோம். "அவசரப்பட்டு ஏத்தாதீங்க மேடம், முடிச்சுட்டு ஏத்துங்க" என்று பொறியாளர் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார். அதை யாரும் மோசடியாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஏதோ ஒரு கருத்தரங்கில் எங்கள் திரையை முன்மாதிரி என்று காட்டினார்களாம்... அதை என் மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

மண்ணூர்பேட்டை சமூகக் கூடத்தில் வாரம் ஒருநாள் மனு வாங்குவேன். ஸ்டெல்லா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு துணி கம்பெனியில் தைப்பவள். அன்று ஷிப்ட்டுக்குப் போகிற அவசரத்தில் வந்தாள்.

"இன்னா மேடம், மூணு வாரமா பள்ளம் தோண்டிப் போட்டுக்கினு கீறாங்க. ஒரு தடுப்பு கூட இல்ல. மழ வந்தா ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியாது. எம்பொண்ணு அந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போவுது."

"பார்க்கச் சொல்றேன் ஸ்டெல்லா. மெசேஜ் வரும்."

"வரும், வரும். போன வாட்டி வாசல்ல கொட்டின மண்ண அள்ளினப்புறம்தான் வந்துச்சு. உங்க மெசேஜ் எங்க மாமியா மாதிரி மேடம். துன்னு கை கழுவினப்புறம் சாப்டியான்னு கேக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தத் தாளை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சைட் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். "தடுப்பெல்லாம் பூந்தமல்லிக்குப் போயிருச்சு மேடம். அடுத்த வாரம் பேங்க்காரங்க அங்கதான நடந்து பாக்கப்போறாங்க? அவங்க போனதும் கொண்டாந்து போட்டுடறேன்" என்றார்.

சரி என்றேன்.

அந்த 'சரி'யை எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்பேன்! மறுநாளும் கூப்பிட்டிருக்கலாம். புகாரை ஏற்றியிருக்கலாம். ஏற்றியிருந்தால், வங்கி விருந்தினர்கள் வந்திருக்கும்போது அது சிவப்பாகியிருக்கும். அதற்குப் பயந்தாவது முன்னாலேயே யாரோ இரண்டு தடுப்புகளை வைத்திருப்பார்கள். அந்தச் சிவப்பு அதற்காகத்தானே உண்டாக்கப்பட்டது?

மனு வாங்கிய எட்டாம் நாள் விடியும்வரை மழை. காலையில் தெருவெல்லாம் ஒரே தண்ணீர். ஸ்டெல்லாவின் மகள் ஷைனி, ஆறாம் வகுப்பு, பள்ளிக்குக் கிளம்பினாள்... பள்ளத்துக்குள் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

தொலைபேசி வந்தபோது நான் பூந்தமல்லியில், புதிதாக வண்ணம் பூசிய தடுப்புகளை விருந்தினர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஷைனியின் சாவு பற்றிய விசாரணையில் அதிகாரி ஸ்டெல்லாவிடம் கேட்டார். "புகார் குடுத்தேன்னு சொல்றியேம்மா, நம்பர் வந்துச்சா?"

"வர்ல சார். மேடத்துக்குத் தெரியும், அவங்களையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாள் என் காலடியில், பைக்குள் இருந்தது.

"பதிவுல இல்ல சார்" என்றேன். "கையில குடுத்தாங்களா?" என்று மறுபடி கேட்டார். "எனக்கு அப்படி ஞாபகம் இல்ல. அன்னைக்கு நிறைய பேர் வந்தாங்க."

ஸ்டெல்லாவின் முகத்தில் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாளைக் கிழித்து, காய்கறிக் குப்பையோடு போட்டேன். என் மகளின் படிப்பு, என் வேலை என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். யாரை ஏமாற்ற? இன்று நான் உண்மையைச் சொன்னாலும் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

இப்போது என் மகளைத் தனியே அனுப்ப முடிவதில்லை. "திருவேற்காட்டுல ஷேர் ஆட்டோ ஏறினா ஒரு போன், இறங்கினா ஒரு போன். நான் என்ன எல்.கே.ஜி.யாம்மா?" என்று கத்துகிறாள். அவள் கத்துகிற குரல் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

போன மாதம் மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் ஸ்டெல்லா என்னைப் பார்த்து அருகே வந்தாள். மெலிந்திருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நான்தான் குடுக்காம உட்டுட்டேன் போல. எழுதினது ஞாபகம் கீது. உங்ககிட்ட பேசினது, எல்லாரும் சிரிச்சது, எல்லாம் ஞாபகம் கீது. காயிதம் குடுத்தது மட்டும்... ஷிப்ட்டுக்கு லேட்டாயிருச்சு, பையிலயே வச்சுக்கினு ஓடியிருப்பேன். அங்க வந்து உங்க பேர வேற இழுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"கோயில்ல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் மேடம். எம்பொண்ண நானே தள்ளின மாதிரி இருந்துச்சு. இப்ப கொஞ்சம் தூங்கறேன்."

'இல்லை ஸ்டெல்லா, நீ கொடுத்தாய்.' இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, "பஸ் வந்துடுச்சு பாருங்க."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் தலையசைத்தேன். நான் அவளை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொண்டிருப்பாள்.