நான் வேண்டாம் என்ற காப்பி

நான் ஒரு நாளைக்கு நாலு தடவை காப்பி குடிக்கிறவள். ஏற்காட்டில் இருந்துகொண்டு காப்பிக்கா பஞ்சம்? அதனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் நான் விடுவது காப்பியைத்தான். எங்கள் பங்குக் கோயிலில் பலரும் கறியை விடுவார்கள். எனக்குக் கறி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வலிக்காத ஒறுத்தல் எதற்கு என்று எனக்கு ஒரு வீம்பு. சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவையோடு ஆரம்பித்தால் மூன்றாம் நாள் மண்டை இடிக்கும், ஐந்தாம் நாள் எரிச்சல் தலைக்கேறும், பத்தாம் நாள் ஒருவழியாகப் பழகிப்போகும். அந்தப் பத்து நாளும் என் வாயில் விழாமல் இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தனியாக ஜெபிப்பார்.

ஆனால் வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன். நோன்பிருக்கிறவன் அதை ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொண்டு எப்போதும்போல் இருக்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டவள். தவக்காலத்து நாற்பது நாளும் எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகத்துக்குக் கொஞ்சம் பவுடரும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவேன். வருஷத்தில் வேறு எந்த மாதத்திலும் நான் அத்தனை லட்சணமாக இருந்ததில்லை.

வேலை, கிராம நர்சு. செவ்வாய்க்கிழமைகளில் தலைச்சோலை. பஸ்ஸிலிருந்து இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு மைல் நடந்தால் ஊர். பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது, ஊசி போடுவது, மாசமாக இருக்கிறவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது. எனக்கு முன்னால் அங்கே போன நர்சுகள் சேலத்திலிருந்து வந்தவர்கள். தண்ணீர்ப் பாட்டிலும் டிபன் பாக்ஸும் அவர்களோடேயே வரும், அவர்களோடேயே போகும். மலைக்காரர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். நானும் பிறப்பில் சேலத்துக்காரிதான். முதல் நாள் பாட்டிலை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஏற்றத்தில் நடந்து போனதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊரின் முதல் வீட்டில் ஓர் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ப் பானையில் மொண்டு ஒரு சொம்பு கொண்டுவந்தார். முழுவதும் குடித்துவிட்டு இன்னும் ஒரு சொம்பு கேட்டேன்.

"எங்க ஊட்டுத் தண்ணியக் குடிச்ச மொத நர்சு நீதான் கண்ணு" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதில் புண்ணியம் எதுவும் இல்லை, வெறும் தாகம்தான். ஆனாலும் கிறிஸ்தவள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு சரிவிறங்கி வந்தேன்.

அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் நிலம். பல வருஷம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்றால் எனக்கு அவர் வீட்டுச் சாப்பாடுதான். களியும் கீரையும், சில நாள் பலாக்கொட்டைக் குழம்பு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணை இருக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு ஆபீசில் நடந்த சண்டையெல்லாம் சொல்வேன். என் முன்கோபம் ஊரறிந்தது. அவர் கேட்டுவிட்டு, "நொம்பத் துள்ளாத கண்ணு, அடுப்புல பால் பொங்கற மாதிரி" என்பார். எனக்குக் கூடப்பிறந்தது மூன்றும் அண்ணன்கள். அக்கா என்று ஒருத்தி இருந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் அந்த மணையில்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் அந்தச் சரிவில் காப்பிச் செடி வைத்தார். அதுவரைக்கும் எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போனவர். ஊரார் செடியிலேயே வாழ்நாளெல்லாம் பறித்துவிட்டேன், நம் செடியில் ஒரு கை பறிக்க வேண்டும் என்று ஆசை. நாற்று வைத்த நாளிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். வெயில் காலத்தில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். நாலாம் வருஷம் காய்த்தது. பழம் பறித்து, வாசலில் காயவைத்து, பெரும்பகுதியை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கென்று இரண்டு படி மட்டும் நிறுத்திக்கொண்டார். "மொதக் காப்பி உனக்குத்தான் கண்ணு. நீ குடிச்சிட்டுச் சொல்லு, அப்பறந்தான் நான் குடிப்பேன்" என்று மார்கழியிலேயே சொல்லி வைத்திருந்தார். நான் மறந்துவிட்டேன். அதுதான் என் முதல் தப்பு.

மூன்று வருஷத்துக்கு முந்தைய தவக்காலம் அது. முதல் செவ்வாய்க்கிழமை. காப்பியை விட்ட ஏழாம் நாள், எரிச்சல் உச்சத்தில் இருந்தது. தலைச்சோலையில் அவர் வீட்டை நெருங்கும்போதே வாசனை வந்துவிட்டது. சட்டியில் வறுத்து, உரலில் இடித்த பொடி. நான் உள்ளே நுழைந்ததும் அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி, ஆவி பறக்கிறது. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. டம்ளரைத்தான் பார்த்தேன். சோதனைக்காரன் நேரம் பார்த்து வந்துவிட்டான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"வேண்டாங்கக்கா" என்றேன்.

"ஏன் கண்ணு? மொதக் காப்பி."

நோன்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காட்டிக்கொண்டதாகிவிடுமே! வாயில் வந்ததைச் சொன்னேன். "இப்பத்தான் கரடியூர்ல எஸ்டேட் ரைட்டர் ஊட்டுல குடிச்சிட்டு வந்தேங்க."

அக்கா டம்ளரை அடுப்பு ஓரத்தில் வைத்தார். நான் எடைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போய்விட்டேன். ஆசையை வென்றுவிட்ட சந்தோஷம் எனக்கு.

அடுத்த வாரமும் கேட்டார். அப்போது வயிறு சரியில்லை என்றேன். மூன்றாம் வாரம் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. தற்காலிகமாக இருந்த என் வேலை அந்தத் தை மாதம்தான் நிரந்தரமாகியிருந்தது. ஊர் முழுவதும் தெரிந்த செய்தி அது. அக்கா அதையும் இதையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். வேலை நிரந்தரமானதும் நர்சுக்கு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டுக் காப்பிதான் இறங்குகிறது, நம் வீட்டுக் காப்பி இறங்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கூட்டியிருப்பேன்.

ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சொன்னேன். "காப்பி குடிக்காமலே குடித்தேன் என்று சொல்லிவிட்டேன் ஃபாதர்." பின்னால் நீண்ட வரிசை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முழங்காலிட்டுச் சொல்லி முடித்து எழுந்தபோது லேசாகிவிட்டேன். பொய் சொன்னதைச் சொன்னேனே தவிர, யாரிடம் சொன்னேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை ஆசை ஆசையாய் ஓடினேன். இன்றைக்கு ஒன்றில்லை, இரண்டு டம்ளர் குடிப்பது என்று முடிவு. வாசலில் நின்று, "அக்கா, காப்பி" என்று சத்தம் கொடுத்தேன்.

அவர் வெளியே வந்தார். உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துவந்து, முந்தானையால் துடைத்து, வாசலிலேயே போட்டார்.

"வாங்க நர்சம்மா, உக்காருங்க."

இத்தனை நாளும் 'வா கண்ணு'தான், இன்றைக்கு 'வாங்க'. பிறகு கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மூடியைத் திருகாமல் அப்படியே கொடுத்தார். "நம்ம ஊட்டுப் பானத் தண்ணி உங்களுக்குச் சேருமோ சேராதோ. பொடியும் தீந்து போச்சுங்க."

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது! இத்தனை வருஷம் இந்த வீட்டுக் களியைத் தின்றவளை இப்படி நினைக்கலாமா? நான் சாமிக்காக வாயைக் கட்டினால் எனக்கே இந்தப் பழியா? பாட்டிலைத் திறந்து இரண்டு மிடறு குடித்துவிட்டு, "வர்றேனுங்க" என்று எழுந்து வந்தேன். பால் பொங்கிவிட்டது. இந்தத் தடவை ஊதி அடக்க அக்கா இல்லை.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அங்கன்வாடித் திண்ணையில் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். பாட்டில் தண்ணீர் குடித்தேன். எந்த நர்சுகளைப் பார்த்துச் சிரித்தேனோ, அவர்களில் ஒருத்தியானேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்றே ஒரு வருஷம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் பூட்டு தொங்கியது. மருமகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள மகன் கூட்டிப்போய்விட்டான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செடிகளை அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். சொல்லும்படியாக நான் என்ன வைத்திருந்தேன்?

இன்றும் வாரம் தவறாமல் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் போகிறேன். மழை பெய்த பத்தாம் நாள் அந்தச் சரிவு முழுக்கக் காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மல்லிகை மாதிரி வாசனை ரோடு வரைக்கும் வரும். பார்க்க அவர் இல்லையே என்று இருக்கும். நான் நின்று பார்த்துவிட்டுப் போவேன்.

இந்த வருஷத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஆண்டவர் நடந்து களைத்துக் கிணற்றோரம் உட்கார்ந்து, வேறு சாதிப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட பகுதியை வாசித்தார்கள். நூறு தடவை கேட்டதுதான். அன்றைக்கு மட்டும் பிரசங்கம் காதில் விழவில்லை. யாரும் தண்ணீர் வாங்காதவளிடம் அவர் கேட்டு வாங்கினார். அக்கா கையில் கொடுத்ததை அவருக்காக என்றே நான் வேண்டாம் என்றிருக்கிறேன். பூசை முடிந்ததும் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கி வைத்திருந்த நம்பருக்குக் கோயில் வாசலில் நின்றே போன் போட்டேன்.

"யாருங்க?"

"அக்கா, நான்தான். நர்சு."

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா?"

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. "அக்கா, அன்னிக்கு நான் ரைட்டர் ஊட்டுல காப்பி குடிக்கலீங்க. எங்கயும் குடிக்கல. அது எங்க விரத காலம். காப்பிய விட்டிருந்தேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"விரதமா?" என்றார்.

"ஆமாங்கக்கா."

"நாங்க விரதம் இருக்காதவங்களா நர்சம்மா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க பண்டிக முடியற வரைக்கும் நானும் அந்தப் பொடியத் தொட்டிருக்க மாட்டனுங்க. ரெண்டு பேருமாச் சேந்து குடிச்சிருக்கலாம்."

"அந்தக் காப்பிய என்ன பண்ணுனீங்க?"

"நீங்க குடிச்சுச் சொன்னாத்தான் குடிப்பேன்னு சொல்லியிருந்தனே. கீழ ஊத்திட்டனுங்க." பிறகு, "கொழந்த அழுவுது, வெச்சிடறனுங்க" என்றார்.

குழந்தை அழவில்லை. எனக்கும் காது இருக்கிறது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பேசுகிறேன். பேரன் நடப்பதைச் சொல்கிறார், திருப்பூர்த் தண்ணீர் வாய்க்கு விளங்கவில்லை என்கிறார். போன வாரம் ஒரு தடவை சிரிக்கக்கூடச் சிரித்தார். ஆனால் அந்த 'ங்க' போகவில்லை. ஒவ்வொரு தடவையும் போனை வைப்பதற்கு முன்னால் ஒரு 'கண்ணு'வுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஐம்பது வயதில் ஒருத்தி இப்படி நிற்கலாமா என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏக்கத்துக்கு வயது தெரிகிறதா?

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருகிறாராம். பூட்டைத் திறப்பார். அன்றைக்குப் பாட்டில், டிபன் பாக்ஸ் எதுவும் எடுத்துப் போவதாக இல்லை. வெறுங்கையோடு ஏற்றம் ஏறிப்போய், சேர் போட்டாலும் உட்காராமல், நேராக உள்ளே போய் மணையில் உட்காருவேன். நானாக வாய் திறந்து காப்பி கேட்பேன். பொடி இல்லை என்றால் பச்சைத் தண்ணீர் போதும். ஆனால் அந்தப் பானையிலிருந்துதான் வேண்டும்.