கையைக் கட்ட விடாத டிரில் மாஸ்டர்

"கையை எடுடா! நெஞ்சுல என்ன, திருடன் பூந்துடுவானா? தொங்கப் போடு!"

காலையில பியூன் நான் மணி அடிச்ச கையோட இந்தச் சத்தம் வந்துடும். எங்க பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் உத்திராபதி. மத்த வாத்தியாருங்க 'கையக் கட்டு, வாயப் பொத்து'ம்பாங்க. இவரு கட்டுன கையப் பாத்தா பிரிச்சு விட்டுட்டுதான் மறுவேலை. இவரோட அப்பா பண்ணையில மிராசுதார் முன்னால துண்டை இடுப்புல சுத்தி, கையக் கட்டி நின்னே காலத்த ஓட்டுன மனுசன். அதைப் பாத்து வளந்த ஆத்திரம்.

பட்டாளத்துல இருந்து வந்தவரு. மீசைக்கு வெளக்கெண்ணெய் போடுவாரு. டீயை ஆத்தாம குடிப்பாரு, நாக்கு வெந்தாலும் சொல்ல மாட்டாரு.

போன வாரம் எனக்குப் பேத்தி பொறந்துருக்கு. அது கொட்டாவி விடுறதப் பாக்கவே நாளெல்லாம் உக்காந்துருக்கலாம்! பாக்க வந்த மாஸ்டரு, "ஏன்யா சாமிதுரை, பொறந்ததுமே புள்ளைக்குக் கையக் கட்டிட்டியா?"ன்னு சுத்தியிருந்த துணியத் தளத்தி விட்டாரு. அது கைய நீட்டி அவரு மீசையப் புடிச்சுது. அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்குத்தான்.

ஏன் சிரிக்கிறதில்லன்னு ஊருல அரசல்புரசலாத் தெரியும். கழக ஆட்சி வந்த புதுசு. கூலி நெல்லு கூடக் கேட்டு விவசாயக் கூலிக்காரங்க சங்கத்துல அறுப்பை நிறுத்துனாங்க. பண்ணைக்காரங்க வெளியூர் ஆளை லாரியில எறக்கப் பாத்தாங்க. அப்ப சங்கத்துக்கு ரகசியமா யோசனை சொன்னது இவருதான். புங்கந்திடல்ங்கிற ஒரு ஊருல மட்டும் பெருசாச் சங்கக் கொடி நட்டாங்க. லாரி, அடியாளு, போலீசு எல்லாம் அங்கயே போயி குமிஞ்சுது. மத்த ஊருல கதிரு முத்திக் கொட்டுது, அறுக்க நாதி இல்ல. அங்கல்லாம் பண்ணைக்காரங்க எறங்கி வந்து கூலியக் கூட்டுனாங்க.

புங்கந்திடல் தோத்துச்சு. முன்னால நின்ன வைரக்கண்ணு மண்டை ஒடஞ்சு செத்தான். இவரோட ஒண்ணா மாடு மேச்சவன். அவன் மக கமலவல்லிய நாத்தங்கால்லேருந்து கூட்டியாந்து பள்ளிக்கூடத்துல சேத்ததும் இவருதான். இப்ப ஒம்பதாவது படிக்குது.

மழை வந்தா கிரவுண்டுல டிரில் கெடையாது. ரூமுக்குள்ள பட்டாளத்துப் பாடம். நேத்து அப்படித்தான். பேத்தி பொறந்ததுக்குக் கல்கண்டு குடுக்கலாம்னு ஒம்பதாவது வாசல்ல போயி நின்னேன்.

போர்டுல ஒரு ஆறு, ஒரு பாலம் வரைஞ்சிருந்தாரு. "இந்தப் பாலத்துல கொஞ்சம் பேரு நிப்பாங்க. பகையாளி மொத்தமா இங்க வந்து மோதுவான். இவங்க தோப்பாங்க. அதுக்குள்ள நம்ம பெரிய படை அந்தாண்ட ஆத்தைத் தாண்டிடும். ஒரு எடத்துல தோத்தாத்தான் யுத்தத்துல ஜெயிக்க முடியும்னா, தோக்கணும்."

"அப்ப குத்தாலத்துக்காரன்கிட்ட கபடியில தோத்ததும் திட்டம்தானா சார்?"ன்னான் ஒரு பய.

"அது நீ தின்ன பழைய சோத்தோட வேலைடா, எருமை!"

வகுப்பே சிரிச்சுது. கமலவல்லி மட்டும் எந்திரிச்சுது.

"சார், பாலத்துல நிக்கிறவங்ககிட்ட, தோக்கத்தான் போறீங்கன்னு முன்னாடியே சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. சொன்னா மனசு வச்சு நிக்க மாட்டாங்க."

"நின்னுருப்பாரு சார் எங்கப்பா. சொல்லியிருந்தாலும் நின்னுருப்பாரு." அவரு முகத்தையே பாத்து, "சொன்னாங்களா சார்?"ன்னுச்சு.

எங் கையில கல்கண்டு பிசுபிசுத்துது.

"சொல்லலம்மா. நான் சொல்லல."

அந்தப் புள்ள அவரு சொல்லிக் குடுத்த மாதிரியே ரெண்டு கையையும் தொங்கப் போட்டு நேரா நின்னுது. அவரு சாக்பீசைக் கீழ வச்சாரு. மேடைய விட்டு எறங்கி அது முன்னால வந்தாரு. தலையக் குனிஞ்சு, ரெண்டு கையையும் நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிட்டாரு.