சத்தம் வைக்காத டிவி

இந்தப் பொங்கல் லீவுக்கு எல்லாரும் என் கணவரின் அண்ணன் வீட்டில் கூடியிருந்தோம். பிள்ளைகளுக்கு இப்போது டிவியில் வரும் சிறுவர் பாட்டுப் போட்டிதான் உயிர். அதைப் பார்த்து அந்த அண்ணன் மகள் பாட, வீடே கைதட்டியது. என் மகள் மட்டும் தட்டவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாமோ, சொன்னால் இன்னும் புண்பட்டிருப்பாளோ, போட்டியைப் பார்க்க விட்டதே தப்போ என்று லீவு முடிந்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய அந்த வாடிய முகம் எனக்குத் தெரிந்ததுதான். ஒரு முழுப்பரீட்சை லீவு பூராவும் நானே அப்படித் திரிந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் வாரங்களில் பகலெல்லாம் தூங்குவார். ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. அப்பா தூங்கும்போது டிவி போடலாம், சத்தம் வைக்கக்கூடாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் சட்டம். வாயசைப்பை வைத்தே கதையைப் புரிந்துகொள்வோம்.

அந்த லீவுக்குப் பள்ளிப்பட்டிலிருந்து அத்தையும் அத்தை மகளும் வந்தார்கள். லாரி ஓட்டும் மாமா வரவில்லை. லோடு ஏற்றிப் போயிருக்கிறார் என்றார்கள். அத்தை மகள் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். வந்த மறுநாளே டிவி முன்னால் உட்கார்ந்து, அதில் வாயசைக்கிற எல்லாருக்கும் கிசுகிசுவென்று அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னாடா மொறைக்கிற? எங்க நைனா வரட்டும், ஒன்ன லாரில கட்டி இஸ்துக்கினு போவாரு" என்று கதாநாயகி வில்லனை மிரட்டுவாள். படத்தில் வரும் அப்பாக்கள் எல்லாரும் அவள் வாயில் நைனாதான். அம்மா அரிசி களைவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்பாள். ஒருநாள் திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் சிரிப்பு கேட்டது. தூக்கம் கலைந்தால் எரிந்து விழுகிறவர், அவளுக்காக விழித்திருந்து சிரித்தார்.

நானும் பேசிப் பார்த்தேன்.

"யேய், நீ பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசறடி" என்றாள். அம்மாவும் சிரித்தாள். திரைக்குப் பின்னால் குறட்டை மட்டும் கேட்டது.

ஒருநாள் எனக்கும் நேரம் வந்தது. நானும் அப்பாவும் முன்பே சத்தத்தோடு பார்த்திருந்த ஒரு பழைய படம் ஓடியது. அதில் மகளை விட்டுவிட்டு ரயிலேறும் அப்பா திரும்பி வருவதே இல்லை. கடைசியில் வளர்ந்துவிட்ட மகள் ஸ்டேஷனில் நிற்கிறாள். ரயிலிலிருந்து யாரோ ஒரு கிழவர் இறங்கி வந்து அவளிடம் வழி கேட்கிறார்.

அத்தை மகள் அந்தக் கிழவருக்குக் குரல் கொடுத்தாள். "நைனா வந்துட்டேன் கண்ணு. லோடு லேட்டாயிருச்சு. அழுவாத."

"தப்பு!" என்று கத்தினேன். "அவரு வழி கேக்குறாரு. அவங்க அப்பா வரவே மாட்டாரு!"

"உனுக்கு இன்னாடி தெரியும்? நைனாதான்."

"எங்கப்பாவையே கேளு!"

அடுப்படியிலிருந்த அத்தை தண்ணீர் பிடிக்கப் போகிறவள்போல, நிறைந்திருந்த குடத்தையே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரை விலகியது. நான் நிமிர்ந்து நின்றேன். அந்த முடிவைப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்தவர் அப்பா. மறந்திருக்கவே முடியாது.

"அவ சொல்றதுதான் கரெக்ட்டு" என்றார் அப்பா. "அது அவங்க நைனாதான். வந்துட்டாரு."

"பொய் சொல்றப்பா நீ!"

அவள் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்போ எங்க நைனா எப்போ வருவாரு மாமா?" என்று கேட்டாள்.

அப்பா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி அவரே டிவிக்குச் சத்தம் வைத்தார். ஏதோ சோப்பு விளம்பரம் அலறியது. நான் எத்தனை முறை கெஞ்சியும் கிடைக்காதது அவளுக்குக் கேட்காமலே கிடைத்தது.

மாமா வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் இருவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

பள்ளி திறந்தது. அத்தையும் அவளும் ஊருக்குக் கிளம்பவில்லை. நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அழுதேன், அவளுக்கு மட்டும் லீவு முடியவே இல்லையே என்று.