கணபதியில் வீடு, அவினாசி ரோட்டில் ரூம்

நடராஜண்ணன் இறந்துவிட்டார்.

எங்கள் பம்ப் கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். ஆனால் இறந்தது இதே கோயம்புத்தூரில்... அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டல் ரூமில். வீடு கணபதியில். பைக்கில் போனால் கால் மணி நேரம்கூட ஆகாது.

சொந்த ஊரில் எதற்கு ஹோட்டல் ரூம் என்று அன்றிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சிலர் கேட்கிற தொனியே சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

ஹோட்டல் பாயிண்ட். ஒரே குரூப் ஹோட்டலில் தங்கத் தங்கக் கணக்கில் ஏறும்; சேர்த்து வைத்தால் சும்மா ரூம் கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கம்பெனியில் எல்லோருக்கும் டிக்கெட், ரூம் போடுவது நான்தான். சேர்ந்த புதிதில் அண்ணனுக்கு ஏதோ ஒரு ஆப்பில் சல்லிசாக ரூம் போட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் ஆள் நேராக என் டேபிளுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, வெளி ஆப்புல போட்டா பாயிண்ட் ஏறாதுங்க. ஹோட்டல்காரனோட சைட்லயேதான் போடோணும்."

"ரூம் கெடைச்சுதுங்களா இல்லீங்களாண்ணா?"

"ரூம் கெடைச்சு என்னுங்க பண்றது?"

அன்றிலிருந்து ஆபீஸில் அவர் பெயர் 'பாயிண்ட் அண்ணன்'. கூப்பிட்டால் கோபப்பட மாட்டார், பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு தடவை சர்வீஸ் இன்ஜினியர் ஒருவன் தன் பாயிண்ட்டை எல்லாம் கொடுத்து மிக்ஸி வாங்கிவிட்டான். அன்று மதியம் அண்ணனுக்குச் சோறே இறங்கவில்லை. "போயும் போயும் மிக்ஸிக்கா... அட சாமி!" என்று ஒரே புலம்பல். சீசனில், ரூம் வாடகை எகிறிக் கிடக்கும்போதுதான் பாயிண்ட்டை எடுக்க வேண்டுமாம். நாலு ராத்திரி சேர்த்து எடுத்தால் அஞ்சாவது ராத்திரி சும்மா தருவார்களாம்.

அதே மனுஷன்தான், அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நான் சென்னை போனபோது, கேட்காமலே தன் பாயிண்ட்டில் எங்களுக்கு ரூம் போட்டுக் கொடுத்தார். அம்மா இன்னும் அந்த மெத்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவர் எதற்காகச் சேர்த்தார் என்பது ஆபீஸுக்கே தெரியும். சரசக்காவுக்காக. அண்ணன் தங்காத ஊர் இல்லை. அவர் வீட்டுக்காரம்மா ஒரு ஹோட்டல் ரூமை உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

வருகிற கல்யாண நாளுக்கு ஒரு தீவு. படுத்துக்கொண்டே கடல் தெரிகிற ரூம். அந்த ரூமைத் தர வேண்டுமென்றால் அண்ணனுடைய ஹோட்டல் மெம்பர் கார்டு மேல் லெவலிலேயே இருக்க வேண்டும். அதற்கு வருஷத்துக்கு இத்தனை இரவு தங்க வேண்டும் என்று கணக்கு. டிசம்பரில் ஒன்றிரண்டு குறைந்தால்...

குறைந்தால், இதே ஊரில் அதே குரூப் ஹோட்டலில் இருப்பதிலேயே சின்ன ரூமாகப் போடுவார். சாயங்காலம் செக்-இன். கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை. அப்புறம் நேராகக் கணபதி. அக்கா கையால் சாப்பாடு, வீட்டில் தூக்கம். காலையில் போய் செக்-அவுட்.

"அட்டையை மாட்டிப்போட்டு வந்துட்டா ஒருத்தரும் கதவத் தட்ட மாட்டாங்க அம்மணி" என்று சொல்லிச் சிரிப்பார். எங்களுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

போன வாரம் ஆபீஸில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஏசி ஓடுகிறது... முகமெல்லாம் வேர்வை.

"என்னங்கண்ணா ஆச்சு?"

"கேஸுங்க அம்மணி. ஒரு சோடா குடிச்சாச் செரியாப் போயிரும்."

டாக்டரிடம் போங்கள் என்று கத்தினேன். "இன்னும் ரெண்டு நைட்டு கொறையுதுங்க. அதை முடிச்சுப்போட்டுப் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஹோட்டலிலிருந்து அக்காவுக்கு போன் செய்திருக்கிறார். "அசதியா இருக்கு சரசு. இன்னைக்கு இங்கயே படுத்துக்கறேன்."

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டபோது எடுக்கவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். மதியமும் எடுக்கவில்லை. ஆபீஸில் நாங்கள் அவர் லீவு என்று இருந்தோம். ரூம் கூட்ட வந்தவர்கள் கதவில் அட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அக்கா ரிசப்ஷனுக்கே போன் போட்டிருக்கிறார்.

"சார் எப்பவும் ரூம்ல இருக்க மாட்டாருங்க மேடம். ஊட்டுக்குப் போயிருவாருங்க."

"நான் ஊட்டுல இருந்துதானுங்க பேசறேன்."

அப்புறம்தான் மாற்றுச் சாவியோடு மேலே போய்க் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

போலீஸ் எல்லாம் முடிந்து, அவர் பையை எடுத்துவரக் கம்பெனி என்னை அனுப்பியது. ரிசப்ஷனில் இருந்த பெண் "ரெண்டு நைட்டும் சார் அக்கவுண்ட்ல ஏறிருமுங்க மேடம்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு... அப்புறம் பார்த்தால் பில்லைத் தலைகீழாக நீட்டிக்கொண்டிருந்தாள். பாவம், என்ன பேசுவதென்று தெரியாமல் பேசியிருக்கிறாள்.

அண்ணன் போட்டது சின்ன ரூம். கார்டைப் பார்த்து அவர்களே பெரிய ரூமாகக் கொடுத்திருக்கிறார்கள். கட்டிலில் ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. இன்னொரு தலையணை மேல் வைத்த சாக்லேட் அப்படியே இருந்தது. கதவில் அந்த அட்டையும்.

பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரூம் நல்லா இருந்துச்சா அம்மணி?"

"பெரிய ரூமுங்கக்கா. ஜன்னல்ல மலை தெரிஞ்சுதுங்க."

"கடலுன்னு சொன்னாரே..."



அண்ணா... அந்த அட்டையை நான் கழற்றிவிட்டேன். இனி அது உங்களுக்கு வேண்டாம். தூங்குங்க.