ஏன் என்று கேட்காதவர்

சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, ஐஸ் கட்டி மிதக்கும் வாளிக்குள் வலக்கையை இறக்குகிறார் தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார். எதிரே கல்லூரியின் ஆராய்ச்சி ஒப்புதல் குழு: இரண்டு டாக்டர்கள், ஒரு வக்கீல், மூன்று பேராசிரியர்கள். அத்தனை படிப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு கையைப் பார்க்கிறது.

"கத்தரி பிடிக்கிற கையாச்சே, இடது கையை விடுங்களேன்" என்கிறார் ஒரு டாக்டர்.

"ஃபாரத்துல வலது கைன்னுதானே போட்டிருக்கு?"

மாணவர்கள் மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய இந்தக் குழு அனுமதி தரவேண்டும். குழுவில் படிப்பாளி அல்லாத வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி. கல்லூரிக்கு எதிரே கடை வைத்திருந்த பாவத்துக்கு இவரைப் பிடித்துப் போட்டார்கள். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார் என்று நம்பினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, மனிதர் விண்ணப்பங்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். "அடுத்தவங்க உடம்புக்குத் தைக்கிறதை நான் போட்டுப் பாக்க முடியாது. இதைப் பாக்கலாம்ல?" என்று ஒவ்வொரு சோதனையையும் முதலில் தன்மேல் நடத்தச் சொல்கிறார். சென்ற மாதம் கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அதற்கு முன்னால் ஆறு மணி நேரம் வாய் திறக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கை வலிக்கும்போது கணக்கு எவ்வளவு தப்புகிறது? இன்றைய மாணவியின் ஆராய்ச்சி இதுதான். வருடத்தின் கடைசிக் கூட்டம். இவர் கையெழுத்து விழாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் அம்போ. துண்டைப் பிடித்தபடி வாளிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கேள்வி கேட்பவர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

"பதினேழு எட்டு?"

"நூத்தி முப்பத்தாறு." சொல்லிவிட்டுக் கையை வெளியே எடுக்கிறார் தையல்காரர்.

"ஏங்க, அதுக்குள்ள ஏன் எடுத்துட்டீங்க?" என்கிறார் பேராசிரியர்.

கையெழுத்துக்காக மேஜையில் வைத்திருந்த பேனாவைத் தையல்காரர் இடக்கையால் எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார். "எப்ப வேணா விலகிக்கலாம், காரணம் கேக்க மாட்டோம். உங்க ஃபாரத்துல நாலாவது வரி, சார்."

"அட, சும்மா பேச்சுக்குக் கேட்டேங்க!"

"போன தடவையை விட ரெண்டு இஞ்ச் கூடுதல் இடுப்போட கடைக்கு வர்றாங்க. ஏன்னு கேட்டிருக்கேனா? நாடாவைப் பாத்து எழுதிக்கறதோட சரி. உங்களை என்னிக்காவது கேட்டேனா, சார்?"

வக்கீல் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொள்கிறார். மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு வாட்டி போடறேன். இதுலயும் ஏன்னு கேட்டா, கையெழுத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கை மறுபடியும் வாளிக்குள் போகிறது. ஐந்து கணக்கு, ஐந்து விடை. ஆறாவதில் உதடு கோணுகிறது. விடை சொல்லாமலே கை மேலே வருகிறது, செக்கச்செவேல் என்று.

முப்பது வருடமாக ஏன் என்று கேட்டே சம்பளம் வாங்கிய பேராசிரியரின் வாய் தன்னால் திறக்கிறது. மாணவி கண்ணை மூடிக்கொள்கிறாள். குழு மொத்தமும் அந்த வாயைப் பார்க்கிறது.

வாய் மூடிக்கொள்கிறது. பேராசிரியர் மாணவியிடமிருந்து துண்டை வாங்கி, பேசாமல் நீட்டுகிறார்.

தையல்காரர் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, விறைத்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் பேனாவைத் துழாவுகிறார்.