மூடி எங்கேக்கா?

குழந்தை உணவு விற்கிற கடையில் நின்று அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்: விற்பதற்கு ஒரு நிமிஷம் போதும், திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு! வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதே சொல்ல மாட்டேன், பொறுங்கள்.

கொடைக்கானலில் எங்கள் மாமாவின் மருந்துக்கடை. பிளஸ் டூ லீவில் அங்கே எடுபிடி நான். குரல் மாற்றிப் போனில் ஏமாற்றுவது என் விளையாட்டு; பேசுகிற எல்லாரும் நானேதான். மருந்து கம்பெனி ரெப், ஜீப் டிரைவர், ஏன், மாமாவே கூட!

நேற்று வந்த இன்ஸ்பெக்டர்

குழந்தைகளுக்கான பழக்கூழ் பாக்கெட் கம்பெனியிலிருந்து ஒருவர் போனில் பேசினார். மூடியிலிருக்கும் வளையம் கழன்று வருகிறதாம், குழந்தை தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைக்குமாம், விற்றதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டுமாம். மாமாவிடம் ஓடிப்போய் அவர் பேசிய மாதிரியே மூக்கால் பேசிக் காட்டினேன். மாமா நிமிரக்கூட இல்லை.

"நேத்து மருந்து இன்ஸ்பெக்டரு குரலு, இன்னைக்குக் கம்பெனிக்காரன் குரலா? போய் டப்பாவ அடுக்கு புள்ள."

கூழ் வந்தது

கம்பெனி செய்தி மாமாவின் செல்லுக்கே வந்த பிறகுதான் அவருக்கு வேர்த்தது. 'பழக்கூழைத் திருப்பித் தரவும்' என்று வாசலில் போர்டு வைத்தோம். ஜனங்களும் வெரசாகவே வந்தார்கள். வட்டக்கானல் லாட்ஜில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா நீட்டிய பாக்கெட்டில் கூழ் ஒழுகியது.

"மூடி எங்கேக்கா?" என்றேன்.

"கூழுதானடி கெட்டுப்போச்சு? மூடி கலர் கலரா நல்லாத்தானே இருக்கு! கயித்துல கோத்துத் தொட்டில்ல கட்டிருக்கேன். தாண்டிக்குடி செல்வி சொல்லிக்குடுத்த கிலுகிலுப்பை!"

மாமியார் குரல்

மாமா வட்டக்கானலுக்கு பைக்கில் பறந்தார். மூடியை எடுக்கச் சொல்ல நான் செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். சிரிப்பு வரவில்லையா? எனக்கும் அப்போது வரவில்லை.

"ஜீப் டிரைவர் மாதிரிப் பேசி, ரோட்டுல மரம் விழுந்து கெடக்குன்னு என்னைய மேட்டுல நடக்க விட்டவதானே நீ? வைடி போன!"

பின்னால் கிலுகிலுவென்று சத்தம் வேறு. செல்வி அக்கா யார் சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்? மாமாவின் இன்னொரு செல்லை எடுத்தேன். கடைக்கு வந்து எனக்குப் பழக்கமான அவர் மாமியாரின் குரலுக்காகத் தொண்டையைக் கனைத்தேன்.

"செல்வி! பிள்ளை வாயில என்னத்தக் குடுத்து வச்சிருக்க? அந்த மூடியப் பிடுங்கு முதல்ல!"

"இந்தா எடுத்துட்டேங்கத்தே... ஆத்தாடி! வளையம் தனியாக் கழண்டு வாயிக்குள்ளயே கெடந்துச்சுங்கத்தே! எடுத்துட்டேன், எடுத்துட்டேன்!"

பிள்ளை வீல் என்று அழுதது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. பிறகு அந்தப் பக்கமிருந்து மெதுவாகக் குரல் வந்தது:

"எங்க அத்தை இந்தா என் எதுக்க உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்காங்க... அடியே, நீ யாருடி?"

இத்தனை குரல் வைத்திருந்தும், அந்தக் கேள்விக்கு எந்தக் குரலில் பதில் சொல்வதென்றுதான் எனக்கு விளங்கவில்லை.