தொடாமல் விட்ட குழந்தை

மலைப்பாதையின் எந்த வளைவுக்கும் பஸ் டிரைவர் ஃபிலமோன் பயந்ததில்லை. அவன் பயந்ததெல்லாம் பஸ்ஸில் தலைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிக்குத்தான். பின்னால் எவளாவது கைக்குழந்தையோடு உட்கார்ந்துவிட்டால் அவன் கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அவனுக்கும் ஓத்திலியாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. ஏங்கிப் பார்க்கிற கண்ணுக்குக் கனம் அதிகம் என்று துலாகோலுலா மலை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆள் நல்லவன், கண்தான் பொல்லாதது. அதற்கு மாற்றும் அவனிடமே இருந்தது. ஆசையாகப் பார்த்தவரே குழந்தையைத் தொட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. அதனால் அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் நடந்து போய்க் குழந்தையின் நெற்றியில் கை வைத்துவிட்டு வருவான். தாய்மார்களும் பிள்ளையின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருப்பார்கள்.

"இன்னைக்கு எத்தன பேருக்கு ஆசீர்வாதம்ணே? பாதிரியார் வேலையும் சேத்துப் பாக்குறீங்களா?" என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். அவனும் சிரித்துவைப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து நசாரியா என்ற பெண் ஏறினாள். கடலோரத்தில் வாக்கப்பட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தவள். டிரைவரின் கண்ணைப் பற்றி அவளுக்குத் தெரியாது. மடியில் ஏழு மாதப் பையன். கொழுகொழுவென்று இருந்தவன் கண்ணாடியைப் பார்த்துப் பொக்கை வாயைக் காட்டினான். ஃபிலமோன் உருகிப்போனான். அடுத்த நிறுத்தத்தில் தொட்டுவிடலாம் என்று அவன் நினைத்திருந்தபோது, யாரோ வாங்கிவந்த வான்கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு பஸ்ஸுக்குள் பறந்தது. கூடைகள் கவிழ்ந்தன, தக்காளி உருண்டது, பாதி பஸ் எழுந்து நின்று கத்தியது. நிறுத்தத்தில் வண்டி நின்றதும் அவனும் சேர்ந்துதான் துரத்தினான். பிடித்துக் கட்டி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

கடைசி ஊரில் எல்லோரும் இறங்கிய பிறகுதான், காலி இருக்கையில் கிடந்த சின்னஞ்சிறு காலுறையைப் பார்த்தான். பக்கத்தில் அறுந்துபோன சிவப்புக் கயிறு, அதில் கோத்த மான்கண் விதை. கண் படாமல் இருக்கக் குழந்தையின் கையில் கட்டியிருந்த காப்பு அது. குழந்தையை அவன் தொடவேயில்லை.

சாப்பிடாமல், கீழே போக ஏறியவர்களோடு வண்டியைத் திருப்பினான். இறக்கத்தில் அவன் போன வேகத்தைப் பார்த்துக் கீரைக்காரி தொமித்திலா கத்தினாள். "ஏண்டா இப்படிப் பறக்குற? எங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்குடா."

"ஒரு குழந்தையப் பாத்துட்டேன்க்கா. தொடல."

தொமித்திலா எழுந்து அவன் இருக்கைக்குப் பின்னால் வந்தாள்.

"எங்க எறங்குனா?"

"கத்தாழத் தோட்டத்து முக்குல எறங்கியிருப்பா."

"அப்ப தோட்டத்துக்குள்ளயே விடு வண்டிய. நேரமாச்சுன்னு எவன் கேக்குறான்னு நான் பாத்துக்குறேன்."

கற்றாழை வரிசைகளுக்கு நடுவே மாட்டு வண்டித் தடத்தில் பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒரு வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே குழந்தை தொண்டை கட்டிப்போய் அழுதுகொண்டிருந்தது. மேசை மேல் மூன்று கண்ணாடி டம்ளர்கள். குழந்தையின் உடம்பு முழுக்கத் தடவி எடுத்த முட்டைகளை மருந்துக்காரி எர்மெலிந்தா அவற்றில் தண்ணீரில் உடைத்து ஊற்றியிருந்தாள். மூன்றிலும் மஞ்சள் கருவின் மேல் வட்டமாக ஒரு கண். தன் கண்ணே தன்னைப் பார்ப்பதாக ஃபிலமோனுக்குத் தோன்றியது.

"பாத்தது ஒரு ஆம்பள," என்று எர்மெலிந்தா நசாரியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன் வந்து தொடாம திருஷ்டி எறங்காது. யாருன்னு தெரியாம நான் எங்க போய்த் தேடுவேன்?"

"நாந்தாம்மா," என்றான் ஃபிலமோன்.

யாரும் அவனைத் திட்டவில்லை. "சட்டையக் கழட்டு," என்றாள் எர்மெலிந்தா.

வியர்வையில் நனைந்திருந்த அந்தச் சட்டையிலேயே குழந்தையைச் சுற்றினாள். அவன் கையைப் பிடித்து நெற்றியில் வைத்தாள். நெற்றி ரொட்டிக் கல்லாகக் கொதித்தது. கண் பட்டதற்கு அடையாளமாகக் குழந்தையின் ஒரு கண் சிறுத்துப் போயிருந்தது. மறுபடி பார்த்துவிடக் கூடாதே என்று ஃபிலமோன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அழுகை தேய்ந்தது. விக்கல் வந்தது. பிறகு அதுவும் நின்றது. உள்ளங்கைக்குக் கீழே சூடு இறங்குவதை அவனே உணர்ந்தான். எர்மெலிந்தா நான்காவது முட்டையைத் தடவி உடைத்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. இதற்குக் காரணம் கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்ற முப்பது பேருக்கும் உடம்பு சிலிர்த்தது.

"ஏண்ணே சுவத்தப் பாக்குறீங்க?" என்றாள் நசாரியா.

"பயமா இருக்கும்மா."

"கைதான் அவன் மேல இருக்கே. இப்பப் பாருங்க. ஆச தீரப் பாருங்க."

பதினோரு வருஷத்தில் அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஃபிலமோன் மெல்லத் திரும்பினான். குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் பார்த்தான். வாசலில் முப்பது பேர் காத்திருந்தார்கள். நேரமாச்சு என்று ஒருவரும் கூப்பிடவில்லை.